வட்டியோடு வந்த பி.எட்.

2004-ல் நான் பி.எஸ்சி. கணிதம் முடித்தபோது பி.எட். ஒரு வருஷப் படிப்பு. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். "ஒரு வருஷம்தானம்மா, கல்யாணத்துக்கு அப்புறம்கூடப் படிச்சுக்கிடலாம்" என்று அப்பா சொன்னார். மாப்பிள்ளை வீட்டிலும் அதையே சொன்னார்கள். அந்த அப்புறம் எப்போது வரும் என்று நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பெரியவள் பிறந்தாள், மாமனார் படுக்கையில் விழுந்தார், சின்னவன் பிறந்தான், கொரோனா வந்து போனது. 2023-ல் நான் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தபோது அந்த ஒரு வருஷப் படிப்பு இரண்டு வருஷமாகியிருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் கொண்டுவந்த விதிகளால் வந்த மாற்றம் அது. அசலைக் கட்டாமல் விட்டால் வட்டி ஏறத்தானே செய்யும்.

எனக்கு அப்போது நாற்பது முடிந்திருந்தது. திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போக, "பி.எட். இருந்தா நாளைக்கே வாங்க" என்று ஆள் விட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்து கிரைண்டரில் அரிசியைப் போட்டேன். மாவு அரைபடுகிற முக்கால் மணி நேரத்தில் முடிவெடுத்தாகிவிட்டது. பி.எட். சேர வயது வரம்பு கிடையாது என்பதே அன்றைக்கு விசாரித்தபோதுதான் தெரியும். அரசு ஆசிரியர் வேலைக்கு வரம்பு உண்டு. அதையும் அந்த வருஷமே பொதுப்பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தினார்கள். பெரியவள் விரல் விட்டு எண்ணிவிட்டு, "எம்மா, ஒனக்கு இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கு, மெதுவாப் படி" என்றாள்.

அத்தைக்குச் சம்மதமில்லை. "ஏம்மா, பிள்ளைகளப் படிக்க வைக்க வேண்டிய வயசுல ஒனக்கு என்ன படிப்பு வேண்டிக் கெடக்கு?" என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றார். அந்தச் சரி எவ்வளவு பெரிய சரி என்பது அவருக்கு மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது.

நிறையப் பேர் படிப்பைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது பீரோவைப் பார்த்து. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அப்பா நனையாமல் இருக்கட்டும் என்று லேமினேட் செய்து வைத்திருந்தார். பின்பக்கத்து முத்திரை பிளாஸ்டிக்குக்குள் பசை பிடித்து மங்கிப்போயிருந்தது. பட்டத்துக்குப் புரொவிஷனல் சான்றிதழ் மட்டும்தான் இருந்தது. பட்டச் சான்றிதழை வாங்காமலேயே தாலி கட்டிக்கொண்டு வந்தவள் நான். அதற்கு விண்ணப்பித்து, பணம் கட்டி, அலைந்து வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்தது. படிக்கலாமா என்று யோசனை வருகிற அன்றைக்கே, முடிவெடுக்கும் முன்னாலேயே, சான்றிதழ்களை எடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்துவிடுங்கள். என்ன குறைகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் போதும். அதைச் சரிக்கட்ட மாதக்கணக்கு ஆகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் இனிஷியல். சான்றிதழ்களில் அப்பாவின் எழுத்து. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் வீட்டுக்காரரின் எழுத்து. கல்யாணமான நம் பெண்களில் பாதிப் பேர் இப்படி இரண்டு ஆட்களாகத்தான் நடமாடுகிறோம், ஏதாவது கவுண்டரில் போய் நிற்கும்வரை அது தெரிவதில்லை. கல்லூரியில் எல்லாமே மதிப்பெண் பட்டியலில் இருக்கிற பெயரில்தான் நடக்கும். அதனால் ஆதாரை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன். முதல் வாரம் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்த இனிஷியலோடு பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று விளங்கியது. அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. "யெஸ் மேடம்" என்று சொல்லக் குரல் வரவில்லை, கையை மட்டும் தூக்கினேன்.

அந்த மேடத்துக்கு வயது முப்பத்து மூன்று. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். வராந்தாவில் எதிரெதிரே வந்தால் யார் வழிவிடுவது என்று இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். வகுப்பில் மற்றவர்களுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு. முதல் நாள் ஒரு பிள்ளை "ஆன்ட்டி, இந்த இடத்துல ஆளு இருக்கு" என்றாள். மூன்றாம் நாள் ரெகார்டு நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்ததும் அக்கா ஆகிவிட்டேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பினேன். நான்காம் நாள் ஒருத்தி தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, இந்தக் குரூப்புல மட்டும் வேண்டாம்" என்றாள். அதற்கு ஈடாகப் பிடிஎஃப் கோப்பை போனில் எங்கே தேடுவது என்று சொல்லிக் கொடுத்தாள். நல்ல பேரம்.

கண் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. அரிசி களையும்போது தெரியாது, கரும்பலகையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்க்கும்போதுதான் தெரியும். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் பலகை மங்கல், கழற்றினால் நோட்டு மங்கல். ஒரு மாதம் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு எழுதித் தலைவலியோடு வீடு வந்தேன். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நோட்டு வாங்குவதைவிட முக்கியம்.

டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் பஸ். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு பூஜ்ஜியம். அந்தக் காசெல்லாம் சார்ட் பேப்பருக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் போயிற்று. ஈரடுக்கு மேம்பாலம் ஏறி, ஜங்ஷனில் கூட்டத்தை ஏற்றி, ஆற்றுப்பாலத்தில் ஊர்ந்து பாளை போய்ச் சேரக் காலை நேரத்தில் முக்கால் மணி ஆகிவிடும். அந்தப் பாலத்தை 1843-ல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தாராம். என்னைப் பொறுத்தவரை அவர் எனக்கு ஒரு படிப்பறை கட்டிக் கொடுத்திருக்கிறார். கீழே தாமிரபரணி, மேலே போக்குவரத்து நெரிசல், மடியில் கல்வி உளவியல்.

அந்த உளவியல் புத்தகம்தான் என் வீட்டைப் புரட்டிப் போட்டது.

"செயல்படு ஆக்கநிலையிறுத்தம்" என்று ஒரு பாடம். தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் குக்கர் ஒரு விசில் விட்டுவிடும். விஷயம் எளிது. ஸ்கின்னர் என்ற அமெரிக்கர் ஒரு பெட்டிக்குள் எலியை விட்டார். எலி சுற்றிச் சுற்றி வந்து தற்செயலாக ஒரு நெம்புகோலை அழுத்தியது. உடனே ஓர் உணவு உருண்டை விழுந்தது. திரும்ப அழுத்தியது, திரும்ப விழுந்தது. அப்புறம் எலிக்கு வேறு வேலையே இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

"எம்மா, என் வெள்ளை சாக்ஸ் எங்க?"

"பீரோ கீழ்த்தட்டு, இடது பக்கம்."

"இந்தா, போன மாச கரண்ட் பில்லு?"

"காலண்டருக்குப் பின்னால சொருகியிருக்கு."

"எம்மா, பென்சில் சீவுறது?"

"டிவி பக்கத்துல கிண்ணத்துல."

மூன்று பதிலுக்கும் நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண் அந்தப் படத்திலேயே இருந்தது. எங்கள் வீட்டில் எலிகள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். நான்தான் நெம்புகோல். அழுத்தினால் சாக்ஸ் விழும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நோட்டின் கடைசிப் பக்கத்தில், நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு என்று எண்ணினேன். ராத்திரி படுக்கும்போது 47 முறை என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் 31 "எங்கே" கேள்விகள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பதினெட்டு வருஷமாகக் கேட்டவுடன் பதில் சொல்லிப் பழக்கியவள் நான். பாசம் என்று நினைத்துச் செய்தேன். பாடப்புத்தகம் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது.

அடுத்த பக்கத்தில் இன்னும் சுவாரஸ்யம். பழக்கத்தை நிறுத்த நினைத்து, சில நேரம் உணவு கொடுத்து, சில நேரம் கொடுக்காமல் விட்டால், அந்தப் பழக்கம் சாகாது, இன்னும் உறுதிப்படும். எப்போதாவது விழும் என்கிற நம்பிக்கை இருக்கிறதே, அந்தக் காலத்து லாட்டரிச் சீட்டு மாதிரி, அது ஆளை விடாது. ஆக, கோபம் வந்தால் "நானே எல்லாத்தையும் எடுத்துத் தரணுமா?" என்று கத்துவதும், மனசு இளகினால் எடுத்துத் தருவதுமாக நான் இத்தனை வருஷம் செய்தது இருப்பதிலேயே மோசமான வழி. நிறுத்தினால் முழுசாக நிறுத்த வேண்டும். இன்னொன்றும் எழுதியிருந்தது: நிறுத்திய உடனே எலி சும்மா இருக்காது, முன்னைவிட வேகமாக, முன்னைவிட அதிகமாக அழுத்தும்.

திங்கட்கிழமை காலை அறிவித்தேன். இனிமேல் எந்த "எங்கே"க்கும் என்னிடம் ஒரே பதில்தான்: "தேடிப் பாரு, கிடைக்கும்." அத்தையின் மாத்திரைக்கு மட்டும் விலக்கு. மருந்து விஷயத்தில் உளவியல் விளையாட்டு கூடாது. அவருக்கு ஏழு நாளுக்கும் ஏழு அறை வைத்த டப்பா வாங்கி, சின்னவனை ஞாயிறுதோறும் நிரப்பச் சொன்னேன்.

முதல் வாரம் புத்தகத்தில் இருந்தபடியே நடந்தது. கூப்பாடு இரட்டிப்பானது. சின்னவன் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "எம்மா, டை எங்கன்னு மட்டும் சொல்லிரு" என்று கெஞ்சினான். வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடிக் கிடைக்காமல் பழைய கண்ணாடியோடு கடைக்குப் போய், உர மூட்டைக் கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டாராம். புத்தகம் முன்னாலேயே சொல்லியிருக்காவிட்டால் மூன்றாம் நாளே நான் விழுந்திருப்பேன். அழுத்தம் கூடுவதே நிற்கப்போவதற்கு அடையாளம் என்று தெரிந்திருந்ததால் தாங்கினேன். இரண்டாவது வாரத்தின் நடுவில் சத்தம் குறைந்தது. ஒரு நாள் காலையில் யாரும் கூப்பிடவே இல்லை. எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய் நானே கேட்டேன்: "சாக்ஸ் கிடைச்சுட்டா?" நெம்புகோலுக்கும் பழக்கம் பிடித்திருந்திருக்கிறது. அதைப் பற்றி ஸ்கின்னர் எழுதியதாகத் தெரியவில்லை.

வேலைகளைப் பிரித்ததிலும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். பண்ணினார்கள். நான் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்காரர் காய்கறி வாங்கி வருவார். ஆனால் என்ன இருக்கிறது, என்ன தீர்ந்தது என்று நினைவு வைத்திருக்கிற வேலை என் தலையிலேயே இருந்தது, அதுதான் கனமான பாதி. அதனால் வேலையை முழுசாக, ஞாபகத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை காலைப் பலகாரம் அவருடையது. மாவு இருக்கிறதா என்பதிலிருந்து சட்னிக்குத் தேங்காய் இருக்கிறதா என்பது வரை நான் கேட்கமாட்டேன், சொல்லமாட்டேன். முதல் வாரம் புதன்கிழமை மாவு தீர்ந்தது. புதன் ரவை உப்புமா, வியாழன் ரவை உப்புமா, வெள்ளி சேமியா உப்புமா. அத்தை தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் நான் எழுதியதிலேயே கடினமான பரீட்சை அந்த மூன்று நாள்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமல் அவரே அரிசி ஊறப்போட்டார். உளுந்து கொஞ்சம் குறைச்சல், இட்லி கல் மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டோம்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நான் விட்ட வேலை பெரியவள் தலையில் போய் விழக்கூடாது. பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் அது தானாகவே நடந்துவிடும், தாய் படிக்கப் போனாள், மகள் கரண்டி பிடித்தாள் என்று. அவளுக்கு அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. துணி மடிக்கிற வேலை சின்னவனுக்குப் போயிற்று. அவன் மடிக்கிற சட்டை சமோசா மாதிரி இருக்கும். அதை நான் திரும்ப மடிக்காமல் இருக்கப் பழகியது ஒரு தனிப் படிப்பு.

பெரியவளும் நானும் ஒரே மேசையில் படித்தோம். முதல் மாதிரித் தேர்வில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை அவளிடம் காட்டக்கூட வெட்கமாக இருந்தது. பதில் தெரியாமல் இல்லை. கை எழுதவில்லை. இருபது வருஷமாக நான் எழுதியதெல்லாம் பலசரக்கு லிஸ்ட்டும் பால் கணக்கும். மூன்று மணி நேரத் தேர்வில் ஒன்றரை மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துப்போய், கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே முடியவில்லை. என் மகள் விடைத்தாளைப் புரட்டிவிட்டு ஒரு டீச்சரின் முகத்தோடு சொன்னாள்: "எம்மா, ஒவ்வொரு தலைப்புக்கும் ஸ்கேல் வச்சு ரெண்டு கலர்ல கோடு போட்டிருக்க. யாரு கேட்டா?" அன்றிலிருந்து தினமும் போனில் மணியடிக்க வைத்து அரை மணி நேரம் எழுத்துப் பயிற்சி. முதல் வாரம் இரண்டு பக்கம் வந்தது, இரண்டு மாதத்தில் நான்கு பக்கம் வந்தது. திரும்பப் படிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் யோசனை இதுதான்: சேர்க்கைக்கு முன்னாலேயே கையைப் பழக்குங்கள். மூளை சீக்கிரம் தயாராகிவிடும், கட்டைவிரலுக்குத்தான் நாளாகும்.

மறதிக்கு எனக்கு ஆறுதல் சொன்னவர் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்மேலேயே சோதித்து 1885-ல் புத்தகம் போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டதாம். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்துதான். அடுப்பில் பால் வேறு வைத்திருக்கமாட்டார். அந்த மனிதருக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம் என்று தோன்றியபோது தெம்பு வந்தது. செய்ய வேண்டியது திரும்பத் திரும்ப வாசிப்பது அல்ல என்றும் புரிந்தது. மூடி வைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். காலையில் ஒரு கேள்வியைப் படித்துவிட்டுப் பஸ்ஸில் புத்தகத்தை மூடி, மனசுக்குள் பதில் சொல்லிப் பார்ப்பேன். எங்கே தடுக்குகிறதோ அதை மட்டும் திறந்து பார்ப்பேன். பதில்களை என் குரலில் போனில் பதிந்து, வெங்காயம் நறுக்கும்போது கேட்டதும் உண்டு. ஆனால் அது அரைப் பலன்தான். கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், எழுதும்போது பாதி வராது.

நுண்நிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி உண்டு. எல்லாரும் மைக்ரோ டீச்சிங் என்போம். ஆறு நிமிஷம் பாடம் நடத்த வேண்டும், ஆறு நிமிஷம் குறை நிறை சொல்வார்கள், பன்னிரண்டு நிமிஷத்தில் திருத்தி எழுத வேண்டும், மறுபடி ஆறு நிமிஷம் நடத்தி, மறுபடி ஆறு நிமிஷம் கருத்துக் கேட்க வேண்டும். மொத்தம் 36 நிமிஷம். கூடப் படிப்பவர்கள்தான் மாணவர்கள். அவர்கள் எல்லாருக்கும் பாடம் ஏற்கெனவே தெரியும் என்பதால் மண்டையை ஆட்டிவிடுவார்கள். எனக்கு உண்மையிலேயே தெரியாத ஒரு மாணவர் வேண்டியிருந்தது. அஞ்சாப்பு வரை படித்த அத்தை சீரியலுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, ஆறு நிமிஷம் கேளுங்க."

"என்னமும் சொல்லு. எட்டு மணிக்கு நாடகம்."

ஏழாம் வகுப்புப் பாடம், முழுக்களின் பெருக்கல். குறை எண்ணையும் குறை எண்ணையும் பெருக்கினால் மிகை எண் என்று எழுதிக் காட்டினேன். இதை நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. அத்தை கேட்டார்.

"அது எப்படி? கடனும் கடனும் சேந்தா பெருங்கடன்தான? நீ லாபம்ங்க?"

நான் வாயடைத்து நின்றேன். நான் படித்தபோது "மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ், மனப்பாடம் பண்ணிக்கோ" என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அப்படியேதான் கடத்திக்கொண்டு வந்திருக்கிறேன். பன்னிரண்டு நிமிஷம் திருத்த நேரம் இருந்தது. ராத்திரி சாப்பாடு ஆன பிறகுதான் பதில் கிடைத்தது.

"அத்தை, கடனும் கடனும் சேந்தா பெருங்கடன்தான். அது கூட்டல். இது வேற. உங்களுக்கு மூணு கடன் இருக்கு, ஒவ்வொண்ணும் நாலு ரூபா. அந்த மூணு கடனையும் ஒருத்தர் எடுத்துட்டா?"

"எடுத்துட்டான்னா? தள்ளுபடியா?"

"ஆமா."

"பன்னெண்டு ரூபா மிச்சம்." கொஞ்சம் யோசித்தார். "சொசைட்டில அஞ்சு பவுன் வரைக்கும் நகைக்கடன தள்ளுபடி பண்ணாங்களே, அது மாதிரின்னு சொல்லேன். அத விட்டுட்டு மைனஸு மைனஸுன்னுக்கிட்டு."

அன்றிலிருந்து என் பாடத்திட்டம் ஒவ்வொன்றும் முதலில் அத்தையிடம் போனது. அவருக்குப் புரிந்தால் வகுப்புக்குப் புரியும். எங்களுக்குள் பதினெட்டு வருஷமாக உப்பு, புளி, உறவுக்காரர் என்று பேச்சு ஓடியிருக்கிறது. ஒரு விஷயத்தை இப்படி இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தது அதுதான் முதல் தடவை. தெருவில் யாராவது "மருமக இந்த வயசுல படிக்காளாமே" என்று இழுத்தால், "பாடமெல்லாம் நாந்தான் பாத்துக் குடுக்கேன்" என்று சொல்லத் தொடங்கினார்.

இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் பள்ளியில் பயிற்சி. எனக்கு ஒதுக்கிய பள்ளியின் பெயரைப் பார்த்ததும் சின்னவன் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டான். அவன் ஏழாம் வகுப்புப் படிக்கிற பள்ளி.

"எம்மா, அங்க வந்து என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத."

"சரி."

"டிபன் பாக்ஸ் திறந்து பாக்கக் கூடாது."

"சரி."

"கன்னத்தக் கிள்ளக் கூடாது."

எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். எனக்குக் கொடுத்தது எட்டாம் வகுப்பு என்பதால் பிரச்சினை இல்லை என்று நினைத்தோம். ஆனி, ஆடி என்றால் எங்கள் ஊரில் காற்று பேய் மாதிரி அடிக்கும். குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கே மண்ணும் தூசியும். இரண்டு அடி அகல சார்ட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சீருடைச் சேலையில் பஸ் ஏறுவது ஒரு தனிக் கலை. ஒரு நாள் வீட்டுக்காரர் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து வெட்டிக் கொடுத்த தெர்மாகோல் கனசதுரம் பஸ் ஸ்டாப்பில் பறந்துபோய் ஒரு மாட்டின் முன்னால் விழுந்தது. மாடு அதை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அதற்கப்புறம் கற்பித்தல் கருவி எதுவாக இருந்தாலும் மடித்துப் பைக்குள் வைக்கிற அளவில்தான் செய்தேன். புளியங்கொட்டையும் தீப்பெட்டியும் காற்றில் பறக்காது, செலவும் கிடையாது.

ஆறாவது வாரம் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் விடுப்பு. "மேடம், நீங்க போயிருங்க" என்றார் தலைமையாசிரியர். உள்ளே நுழைந்தேன். மூன்றாவது பெஞ்சில் என் மகன் புத்தகத்தை நிமிர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். பாடம் எது என்று கேட்டால் அதே முழுக்களின் பெருக்கல். அத்தையின் நகைக்கடனைத்தான் எடுத்தேன். பாதிப் பேர் வீட்டில் நகை அடகில் இருந்திருக்கும் போல, ஒரே உற்சாகம். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்க ஆச்சிக்குத் தள்ளுபடி ஆச்சு!" என்றான். பாடம் முடிகிற நேரத்தில் மூன்றாவது பெஞ்சில் ஒரு கை மெதுவாக மேலே வந்தது.

"எம்..." என்று ஆரம்பித்து விழுங்கிக்கொண்டான். வகுப்பு அமைதியானது. "மிஸ், அப்ப கடனையும் எடுத்து, கூட இருக்குற காசையும் எடுத்துட்டா?"

நல்ல கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டிப் பார்க்கலாம் என்று பலகையில் எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் அவனே சொன்னான்: "எம்மா, பரவால்ல. ஆனா போர்டுல எழுதும்போது நீ பையங்களப் பாக்கவே மாட்டேங்க. பின்னாடி ரெண்டு பேரு ராக்கெட் விட்டாங்க." வகுப்பைக் கவனித்து மதிப்பெண் போட்ட பேராசிரியர் இரண்டு வாரம் கழித்து அதையே வேறு நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தார்.

2025-ல் கடைசித் தேர்வு. காலை எட்டு மணி. பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம். ஹால் டிக்கெட்டைக் காணவில்லை. பையில் இல்லை, உளவியல் புத்தகத்துக்குள் இல்லை, பூஜை அறையில் இல்லை. வேர்த்துப்போய் நடுவீட்டில் நின்று கத்தினேன்:

"ஏங்க! என் ஹால் டிக்கெட் எங்க?"

அடுக்களையில் தோசைக் கரண்டி நின்றது. பெரியவள் தலை பின்னுவதை நிறுத்தினாள். அத்தை டிவி சத்தத்தைக் குறைத்தார். சின்னவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்:

"தேடிப் பாரு, கிடைக்கும்."

பிரிட்ஜ் கதவில், தொலையக் கூடாது என்று நானே காந்தம் வைத்து ஒட்டி வைத்த இடத்தில் இருந்தது.